ஒரு கணிப்பொறி, பல மாணவர்: பகிர்வு முறையின் வரவும் செலவும்

மேசைக் கணிப்பொறி ஒன்றின் மையச் செயலகம், தனது நேரத்தின் பெரும்பகுதியைக் காத்திருப்பதிலேயே கழிக்கிறது. விரைவாகத் தட்டச்சு செய்பவர்கூட ஒரு நொடியில் பத்து எழுத்துகளைத் தாண்டுவது அரிது. அதே நொடியில் இன்றைய சாதாரணச் செயலகம் பல நூறு கோடிக் கட்டளைகளை நிறைவேற்ற வல்லது. இவ்வாறு வீணாகும் திறனைப் பலருக்குப் பங்கிட்டு அளிக்க முடியுமாயின், ஒரு கணிப்பொறியை வாங்கும் செலவில் நான்கைந்து பேர் பயன்பெறலாம் அல்லவா? கணிப்பொறிப் பகிர்வு முறையின் அடிப்படை இக்கேள்வியே.

இக்கேள்வி நமது நாட்டிற்கு மிகவும் பொருத்தமானது. 2024-25 ஆம் ஆண்டிற்கான யுடைஸ் பிளஸ் கணக்கெடுப்பின்படி, நாட்டிலுள்ள பள்ளிகளில் 64.7 விழுக்காட்டில் மட்டுமே கணிப்பொறி வசதி உள்ளது. அதாவது, மூன்றில் ஒரு பங்குப் பள்ளிகளின் மாணவர்களுக்கு இவ்வசதி பள்ளியில் கிடைக்கவில்லை. வசதியுள்ள பள்ளிகளிலும் ஒரே திரையின் முன் மூன்று நான்கு மாணவர்கள் நெருங்கி அமர்ந்திருப்பது பரவலாகக் காணப்படும் காட்சி. விசைப்பலகை ஒருவர் கையில் இருக்க, மற்றவர்கள் பார்வையாளர்களாகவே வகுப்பை முடித்துக்கொள்கின்றனர். இந்நிலையை மாற்றப் பகிர்வு முறை எந்த அளவுக்கு உதவும் என்பதை ஆராய்வது பயனுடையது.

பழைய கருத்து, புதிய வடிவம்

பகிர்வு முறை புதியதன்று. கணிப்பொறி ஓர் அறை முழுவதையும் நிரப்பிய காலத்தில், அதன் ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்பற்றதாக இருந்தது. எனவே, ஓர் இயந்திரத்தின் நேரத்தைச் சிறுசிறு கூறுகளாகப் பிரித்துப் பல பயனாளர்களுக்குச் சுழற்சி முறையில் அளிக்கும் நேரப் பகிர்வு முறை உருவாயிற்று. ஃபெர்னாண்டோ கார்பட்டோ தலைமையில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாக்கப்பட்ட இத்தகைய அமைப்பு 1961 ஆம் ஆண்டில் செய்து காட்டப்பட்டது.

அடுத்த கட்டமாக, ஒரே இயந்திரத்திற்குள் பல தனித்தனி இயந்திரங்கள் இருப்பதுபோன்ற தோற்றத்தை உண்டாக்கும் மெய்நிகராக்கம் வந்தது. 1972 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த வி.எம்./370 அமைப்பு இதனை வணிக அளவில் பரப்பியது. பின்னர்ச் சிறு கணிப்பொறிகளின் விலை குறைந்து, ஆளுக்கொரு கணிப்பொறி என்ற நிலை வந்தபோது இக்கருத்து சற்றே பின்தங்கியது. 1999 ஆம் ஆண்டில் மேசைக் கணிப்பொறிகளுக்கான மெய்நிகராக்க மென்பொருள் சந்தைக்கு வந்தது. 2005, 2006 ஆம் ஆண்டுகளில் இன்டெல், ஏ.எம்.டி. நிறுவனங்கள் தங்கள் செயலகங்களிலேயே இதற்கான வசதியை அமைத்தன. இதனால் பெரிய கணிப்பொறி நிலையங்களுக்கு உரியதாயிருந்த உத்தி, பள்ளி ஆய்வகத்தின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

நமது நாட்டின் பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வி 1984-85 ஆம் ஆண்டில் 'கிளாஸ்' என்னும் முன்னோடித் திட்டத்தின் மூலம் தொடங்கியது. 2004 ஆம் ஆண்டில் பள்ளிகளுக்கான தகவல் தொடர்புத் தொழில்நுட்பத் திட்டம் வந்தது. பிற்காலத்தில் இது 2018 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சமக்ர சிக்ஷா திட்டத்துடன் ஒன்றிணைக்கப்பட்டது. பகிர்வு முறையும் இங்குப் பெரிய அளவில் மேற்கொள்ளப்பட்டதுண்டு. 2008 ஆம் ஆண்டையொட்டி, பிரிக்கப்படாத ஆந்திரப் பிரதேசத்தில் சுமார் 5,000 அரசுப் பள்ளிகளுக்குப் பகிர்வு முனையங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன.

மூன்று வழிகள்

பகிர்வு என்ற ஒரே சொல்லால் மூன்று வெவ்வேறு முறைகள் குறிக்கப்படுகின்றன. இவற்றை வேறுபடுத்தி அறிவது கொள்முதல் செய்வோருக்கு இன்றியமையாதது.

முதலாவது, பல இருக்கை முறை. ஒரே கணிப்பொறியுடன் பல திரைகளும், விசைப்பலகைகளும், மவுஸ்களும் நேரடியாக இணைக்கப்படுகின்றன. இயக்க முறைமை ஒன்றுதான். அதுவே ஒவ்வொரு இருக்கையையும் தனிப் பயனாளராகக் கருதி இயங்குகிறது. கம்பியின் நீளத்திற்கு உட்பட்டே இருக்கைகள் அமைய வேண்டும்.

இரண்டாவது, முனைய முறை. ஆற்றல் வாய்ந்த தாய்க் கணிப்பொறி ஒன்றுடன் சிறு முனையங்கள் வலையமைப்பு வழியே இணைகின்றன. கணக்கீடு முழுவதும் தாய்க் கணிப்பொறியில் நடைபெறுகிறது. முனையம் படத்தைக் காட்டுவதையும் விசைத் தட்டல்களை அனுப்புவதையும் மட்டுமே செய்கிறது.

மூன்றாவதே முழுமையான மெய்நிகராக்கம். தாய்க் கணிப்பொறியில் ஹைப்பர்வைசர் எனப்படும் மேற்பார்வை மென்பொருள் இயங்குகிறது. அது நினைவகத்தையும் சேமிப்பகத்தையும் பங்கிட்டு, ஒவ்வொருவருக்கும் தனி இயக்க முறைமையுடன் கூடிய மெய்நிகர்க் கணிப்பொறி ஒன்றை அமைத்துத் தருகிறது. ஒரு மாணவர் தமது அமைப்பைக் கெடுத்துவிட்டாலும் அடுத்த இருக்கை பாதிக்கப்படுவதில்லை. கெட்டுப்போனதைச் சில நிமிடங்களில் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். ஆயினும், ஒவ்வோர் இயக்க முறைமைக்கும் தனியாக நினைவகம் ஒதுக்க வேண்டியிருப்பதால், மூன்றினுள் அதிக வளம் கோருவதும் இதுவே. முதலிரண்டு முறைகளும் சந்தையில் மெய்நிகராக்கம் என்ற பெயரிலேயே விற்கப்படுவதுண்டு. அதனால் ஒப்பந்தப்புள்ளி கோருவோர் பெயரை மட்டும் குறிப்பிடாமல், தனித்தனி இயக்க முறைமை தேவையா இல்லையா என்பதைத் தெளிவாக எழுதுதல் வேண்டும்.

சராசரியும் உச்சமும்

ஒரு கணிப்பொறியை எத்தனை பேர் பகிரலாம்? இதற்கு விடை காணும்போது பெரும்பாலும் சராசரித் தேவையே கணக்கில் கொள்ளப்படுகிறது. பிழை இங்குதான் தொடங்குகிறது.

அலுவலகம் ஒன்றில் ஓர் எழுத்தர் கடிதம் தட்டச்சு செய்வார். இன்னொருவர் கோப்பினைப் படித்துக்கொண்டிருப்பார். மூன்றாமவர் பொதுமக்களிடம் பேசிக்கொண்டிருப்பார். இவர்களின் உச்சத் தேவைகள் ஒரே நேரத்தில் எழுவதில்லை. தொலைபேசி இணைப்பகம், சந்தாதாரர்களின் எண்ணிக்கையைவிடக் குறைந்த வழித்தடங்களைக் கொண்டே இயங்குவதைப் போன்றதே இது.

வகுப்பறை இதற்கு நேர்மாறானது. "எல்லோரும் இந்தப் பக்கத்தைத் திறவுங்கள்" என்று ஆசிரியர் கூறியதும் பத்து விசைகள் ஒரே கணத்தில் அழுத்தப்படுகின்றன. வகுப்புத் தொடங்கும்போது பத்து அமைப்புகளும் ஒருசேரத் தொடங்குகின்றன. காணொளி ஒன்றைப் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் இயக்குகின்றனர். ஆகவே, பள்ளிக்கான பகிர்வு அமைப்பை உச்சத் தேவையைக் கொண்டே திட்டமிட வேண்டும்.

இதில் வேறொரு நுட்பமும் உண்டு. செயலகத்தின் நேரத்தைச் சுழற்சி முறையில் பங்கிடலாம். ஒருவர் சும்மா இருக்கும்போது அவரது பங்கு மற்றவருக்குச் செல்லும். நினைவகமோ மனையிடம் போன்றது. ஒரு நிரல் திறந்திருக்கும் வரை அதன் இடம் பிடிக்கப்பட்டே இருக்கும். எடுத்துக்காட்டாக, 16 கிகாபைட் நினைவகமுடைய தாய்க் கணிப்பொறி தனது தேவைக்கு 4 கிகாபைட் வைத்துக்கொள்வதாகக் கொள்வோம். எஞ்சியது 12 கிகாபைட். முனைய முறையில் ஒவ்வொருவருக்கும் 2 கிகாபைட் வேண்டுமெனில் 6 பேர் அமரலாம். முழு மெய்நிகராக்கத்தில் ஒவ்வொருவருக்கும் 4 கிகாபைட் வேண்டுமெனில் 3 பேருக்கு மட்டுமே இடமுண்டு. இவ்வரம்பை மீறி இருக்கைகளைச் சேர்த்தால் ஒருவருக்கு மட்டுமன்றி, அனைவருக்குமே அமைப்பு மந்தமாகும். சுழலும் வட்டுக்குப் பதிலாகத் திடநிலைச் சேமிப்பகம் பொருத்துதல், ஒரே நேரத்தில் பலர் தொடங்கும்போது எழும் நெரிசலைப் பெரிதும் தணிக்கும்.

மின்சாரச் சிக்கனம்

பகிர்வு முறையின் உறுதியான ஆதாயம் மின்சாரத்தில் கிடைக்கிறது. பத்துத் தனிக் கணிப்பொறிகள் ஒவ்வொன்றும் 80 வாட்டும், திரை ஒவ்வொன்றும் 20 வாட்டும் கொள்வதாக வைத்துக்கொண்டால், மொத்தத் தேவை 1,000 வாட். இதற்கு மாறாக, 120 வாட் கொள்ளும் இரண்டு தாய்க் கணிப்பொறிகள், 8 வாட் கொள்ளும் பத்து முனையங்கள், பத்துத் திரைகள் ஆகியவற்றுக்கு 520 வாட் போதுமானது. நாளொன்றுக்கு 4 மணி நேரம், ஆண்டுக்கு 200 நாட்கள் இயங்கினால் 800 யூனிட் 416 யூனிட்டாகக் குறைகிறது.

கட்டணத்தில் மிஞ்சும் தொகை பெரிதன்று. ஆனால் மின்வெட்டு மிகுந்த பகுதிகளில் இதன் மதிப்பு வேறு. அதே யு.பி.எஸ். மின்கலம் ஏறக்குறைய இரு மடங்கு நேரம் தாங்கும்; சூரிய மின்தகடு அமைப்பதாயின் பாதியளவு போதும். மின்சாரம் நின்றவுடன் பாடமும் நிற்கும் பள்ளிக்கு இதுவே பெரிய வரவு.

பழுதின் கணக்கு

இனி, செலவுப் பக்கத்தைக் காண்போம். ஒவ்வொரு கணிப்பொறியும் 100 வேலை நாட்களில் 2 நாட்கள் பழுதுபடுவதாகக் கொள்வோம். பத்துத் தனிக் கணிப்பொறிகளில் இழப்பு 20 இருக்கை நாட்கள். பத்து இருக்கைகளும் ஒரே தாய்க் கணிப்பொறியைச் சார்ந்திருந்தால், 2 நாட்களில் பத்து இருக்கைகள் வீதம் இழப்பு அதே 20 இருக்கை நாட்கள்.

எண்ணிக்கை ஒன்றாயினும் விளைவு ஒன்றன்று. தனிக் கணிப்பொறி ஒன்று நின்றால் அம்மாணவர் பக்கத்து இருக்கைக்குச் செல்லலாம், வகுப்பு தொடரும். தாய்க் கணிப்பொறி நின்றால் ஆய்வகமே மூடப்படும். பழுது நீக்குபவர் மாவட்டத் தலைநகரிலிருந்து வர மூன்று வாரமாகும் பள்ளியில், இரண்டு நாள் இழப்பு மூன்று வார இழப்பாக வளர்ந்துவிடும். மறுபுறம், பழுதுபார்க்க வேண்டிய பெட்டிகளின் எண்ணிக்கை பத்திலிருந்து ஒன்றாகக் குறைகிறது என்பதும் உண்மையே.

எனவே, இருக்கைகள் அனைத்தையும் ஒரே இயந்திரத்தில் தொங்கவிடுவதைத் தவிர்க்க வேண்டும். பத்து இருக்கைகளுக்கு இரண்டு தாய்க் கணிப்பொறிகள் இருந்தால், ஒன்று நின்றாலும் இருவருக்கு ஓர் இருக்கை என்ற அளவில் பாடம் நடக்கும். இரண்டாவது இயந்திரத்தின் விலையை வீண் செலவாகக் கருதாமல், காப்பீட்டுத் தொகையாகக் கருதுதல் வேண்டும்.

முதலீடும் தொடர்செலவும்

சமக்ர சிக்ஷா திட்டத்தின் கீழ், ஒரு பள்ளியின் கணிப்பொறி ஆய்வகத்திற்கு ஒருமுறை மானியமாக 6.40 லட்சம் ரூபாய் வரையிலும், தொடர்செலவுக்காக ஆண்டுக்கு 2.40 லட்சம் ரூபாய் வீதம் ஐந்து ஆண்டுகளுக்கும் வழங்க நெறிமுறை வகுக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளின் தொடர்செலவு 12 லட்சம் ரூபாய். அதாவது முதலீட்டைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. பகிர்வு முறை குறைப்பது முதன்மையாக முதல் தொகையைத்தான். இரண்டாவது தொகையில் மின்சாரத்தைத் தவிரப் பெரிதாக எதுவும் குறைவதில்லை. பயிற்றுநரின் ஊதியம், இணைய இணைப்பு முதலியன அப்படியே நிற்கின்றன.

உரிமக் கட்டணமும் கவனத்திற்குரியது. கணிப்பொறி ஒன்றுதானே என எண்ணி ஓர் உரிமம் வாங்கினால் போதாது. விண்டோஸ் போன்ற வணிக மென்பொருள்களில், பகிர்ந்து பயன்படுத்தும் ஒவ்வொருவருக்கும் அல்லது ஒவ்வொரு கருவிக்கும் தனி உரிமை தேவைப்படலாம். இதனை முன்கூட்டியே கணக்கிடாவிட்டால், இயந்திரத்தில் மிச்சப்படுத்தியது உரிமத்தில் கரைந்துவிடும். லினக்ஸ் அடிப்படையிலான கட்டற்ற இயக்க முறைமைகளில் இச்சுமை இல்லை. சி-டாக் நிறுவனம் 2007 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பாஸ்' இயக்க முறைமை இவ்வகையைச் சேர்ந்தது. இந்திய மொழிகள் பலவற்றில் பணிபுரியும் வசதியும் அதில் உண்டு. ஆனால், அதனைப் பராமரிக்கத் தெரிந்த ஆசிரியர் ஒருவரேனும் பள்ளியில் இருத்தல் வேண்டும்.

பழைய கணிப்பொறிகளுக்கு மறுவாழ்வு

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 இயக்க முறைமைக்கான பொது ஆதரவு முடிவுற்றது. அடுத்த பதிப்பை ஏற்க இயலாத பழைய கணிப்பொறிகள் பல அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் உள்ளன. இவற்றைக் கழித்துக்கட்டுவதற்கு முன், முனையங்களாகப் பயன்படுத்த இயலுமா என ஆராய்வது நலம். படத்தைக் காட்டுவதற்கும் விசைத் தட்டல்களை அனுப்புவதற்கும் பழைய இயந்திரம் தாராளமாகப் போதும். புதிய தாய்க் கணிப்பொறிகள் இரண்டை வாங்கி, பழையவற்றில் எளிய லினக்ஸ் நிறுவி இணைத்தால், பழைய ஆய்வகம் மேலும் சில ஆண்டுகள் உழைக்கும். மின்சாரச் சிக்கனம் இதில் குறையும் என்பது உண்மை. ஆயினும், 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி முறையாக அகற்ற வேண்டிய கழிவின் அளவும் குறையும்.

முடிவாக

பகிர்வு முறையை ஏழைப் பள்ளிக்கான மலிவுச் சரக்காகவும் கருதலாகாது. எல்லாக் குறைகளையும் தீர்க்கும் மருந்தாகவும் கருதலாகாது. சொல் தொகுப்பு, கணக்கேடு, எளிய நிரலாக்கம், இணையத் தேடல் போன்ற பணிகளுக்கு இது நன்கு ஏற்றது. காணொளித் தொகுப்பு, முப்பரிமாண வரைபடம் போன்ற கனமான பணிகளுக்குத் தனிக் கணிப்பொறியே தக்கது. வலையமைப்பும் பழுதுபார்ப்பும் எட்டாத ஓராசிரியர் பள்ளிக்குப் பகிர்வு அமைப்பைக் காட்டிலும் இரண்டு தனிக் கணிப்பொறிகளே உதவும்.

திட்டமிடுவோர் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. ஒரே நேரத்தில் எத்தனை பேர், எத்தகைய பணி செய்வர்? தாய்க் கணிப்பொறி நின்றால் எத்தனை இருக்கைகள் நிற்கும்? எத்தனை நாட்களில் பழுது நீங்கும்? ஐந்து ஆண்டுகளின் மொத்தச் செலவு எவ்வளவு? இவற்றுக்கு விடை கண்ட பின் செய்யப்படும் பகிர்வு, பார்வையாளராக அமர்ந்திருக்கும் மாணவருக்கு ஒரு விசைப்பலகையைத் தரும். விடை காணாமல் செய்யப்படும் பகிர்வு, அணைந்த திரைகளின் எண்ணிக்கையை மட்டுமே பெருக்கும்.