கணினிக்கு நீர்க் குளிர்விப்பான் தேவையா? - ஒரு வெப்பக் கணக்கு

கணினி விளையாட்டில் ஆர்வமுள்ள இளைஞர்களிடையே இன்று நீர்க் குளிர்விப்பான் ஒரு பெருமைக்குரிய பொருளாகிவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் வண்ண விளக்குகள் மின்ன, இரண்டு கருங்குழாய்கள் வளைந்து செல்லும் கணினியைக் கண்டால் யாருக்கும் ஆசை வரும். ஆயினும், சில நூறு ரிங்கிட் என்பது நம்மில் பலருக்குச் சிறிய தொகையன்று. ஆகவே, அதனை வாங்கலாமா வேண்டாமா என்பதைக் கணக்குப் போட்டு முடிவு செய்யும் வழியை இக்கட்டுரையில் விளக்க விழைகிறேன்.

நான் இதனை ஆராய்ந்ததற்குக் காரணம் என் தம்பி. எங்கள் வீடு நெகிரி செம்பிலான், போர்ட்டிக்சன் வட்டாரத்தில் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த சுவாவில் உள்ளது. எஸ்.பி.எம். தேர்வுக்குப் பின் பகுதிநேர வேலை செய்து சேர்த்த 3000 ரிங்கிட்டில் அவன் ஒரு கணினியைப் பொருத்தத் திட்டமிட்டான். விளையாட்டு, டிப்ளோமா படிப்பு இரண்டுக்கும் அந்த ஒரே கணினிதான். "அண்ணே, தண்ணி கூலர் போட்டா கேம் இன்னும் வேகமா ஓடுமா?" என்று கேட்டான். கேள்வி எளிது, விடைக்குக் கொஞ்சம் இயற்பியல் வேண்டும்.

வெப்பமும் வெப்பநிலையும்

தமிழ்ப்பள்ளியில் வெப்பம், வெப்பநிலை என்று படித்த இரண்டையும் இடைநிலைப்பள்ளியில் 'ஹாபா', 'சூஹு' என்று படித்தோம். மொழி எதுவாயினும் இரண்டும் வேறு வேறு என்பதுதான் முக்கியம். செயலி உட்கொள்ளும் மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகிறது. அதனை வாட் கணக்கில் அளக்கிறோம். எந்தக் குளிர்விப்பானும் இந்த வெப்பத்தை அழிப்பதில்லை. செயலியிலிருந்து எடுத்து அறைக்குள் விடுகிறது. நீர்க் குளிர்விப்பான் பூட்டினால் அறை குளிரும் என்று எண்ணுவது தவறு. அறையைவிடக் குளிர்ந்த நிலைக்குச் செயலியைக் கொண்டு செல்லவும் அதனால் இயலாது.

நீர் என்ன செய்கிறது?

ஒரு கிலோகிராம் நீரை ஒரு பாகை செல்சியஸ் சூடாக்க ஏறக்குறைய 4200 ஜூல் வேண்டும். காற்றுக்கு ஏறக்குறைய 1000 ஜூல் போதும். நான்காம் படிவத்தில் 'முவாத்தான் ஹாபா தெந்து' என்று நாம் படித்த தன்வெப்ப ஏற்புத்திறன் இதுதான். செயலியின் மேல் அமரும் தகடு வெப்பத்தை நீருக்குக் கொடுக்கிறது. பம்ப் அந்நீரை ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. அங்குக் காற்றாடிகள் வெப்பத்தைக் காற்றில் விடுகின்றன. ஆக, கடைசி வேலையைச் செய்வது காற்றுதான். 240, 360 என்ற எண்கள் ரேடியேட்டரில் வரிசையாக அமையும் காற்றாடிகளின் மொத்த நீளத்தை மில்லிமீட்டரில் குறிக்கும். 120 மில்லிமீட்டர்க் காற்றாடிகள் முறையே இரண்டும் மூன்றும் அதில் பொருந்தும்.

இது புதிய முறையன்று. 1985-இல் வந்த கிரே-2 மீக்கணினியின் மின்பாகங்கள் மின்சாரத்தைக் கடத்தாத திரவத்தில் முழுமையாக மூழ்கியிருந்தன. 2004-இல் ஆப்பிள் நிறுவனம் பவர் மேக் ஜி5 கணினியில் திரவக் குளிர்விப்பைப் பயன்படுத்தியது. அளவுக்கு மிஞ்சிய வெப்பம் இருந்த இடத்தில்தான் திரவம் நுழைந்தது.

நம் வீட்டுக் கணக்கு

கணக்கிடும் முறை இது:

செயலியின் வெப்பநிலை = அறையின் வெப்பநிலை + (வாட் × ஒரு வாட்டுக்கு உயரும் பாகை)

விளக்கத்திற்காக, நல்ல காற்றுக் குளிர்விப்பானில் வாட்டுக்கு 0.3 பாகையும் 360 அளவு நீர்க் குளிர்விப்பானில் 0.22 பாகையும் உயர்வதாகக் கொள்வோம். குளிர்சாதனம் இல்லாத வீட்டில் பிற்பகல் வெப்பநிலை 32 பாகை என்போம்.

80 வாட் செயலி: காற்றில் 56 பாகை, நீரில் ஏறக்குறைய 50 பாகை.
250 வாட் செயலி: காற்றில் 107 பாகை, நீரில் 87 பாகை.

முதல் நிலையில் ஆறு பாகை குறைவதால் விளையாட்டு வேகமாக ஓடப்போவதில்லை. இரண்டாம் நிலையில் கதை வேறு. இண்டல் கோர் ஐ9-14900கே செயலியின் உச்ச வெப்பநிலை 100 பாகை; அதனைத் தொட்டதும் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அங்கு நீர் உண்மையிலேயே உதவுகிறது.

அதே 250 வாட் செயலியை 22 பாகைக் குளிர்சாதன அறையில் வைத்தால், காற்றுக் குளிர்விப்பானிலேயே 97 பாகையில் நின்றுவிடும். ஆகவே, குளிர்ந்த அறையில் சோதித்து வெளியிடும் எண்களோடு நம் வீட்டிற்காகப் பத்துப் பாகையைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மேலும், நீர் மெதுவாகச் சூடேறும். முதல் சில நிமிடங்களில் காட்டும் எண்ணை நம்பாமல் அரைமணி நேரமாவது ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது.

எந்தச் செயலிக்கு எது?

2022-இல் வந்த கோர் ஐ5-12400எஃப் அடிப்படையில் 65 வாட், உச்சத்தில் 117 வாட். 2023-இல் வந்த ஏஎம்டி ரைசன் 7 7800எக்ஸ்3டி 120 வாட் எனக் குறிக்கப்பட்டாலும் விளையாட்டின்போது பெரும்பாலும் நூறு வாட்டுக்குள் அடங்கும். இவ்விரண்டுக்கும் நல்ல காற்றுக் குளிர்விப்பான் போதும். உச்சத்தில் 253 வாட் உட்கொள்ளும் 14900கே போன்றவற்றில் காணொளித் தொகுப்பு போன்ற கடும்பணிகளை நெடுநேரம் செய்பவர் 360 அளவை நாடலாம். பெரிய காற்றுக் குளிர்விப்பான் நுழையாத சிறிய பெட்டிக்கும் நீர் பொருந்தும். நோக்துவா என்எச்-டி15 போன்றவற்றின் உயரம் 165 மில்லிமீட்டர் என்பதால் வாங்குமுன் பெட்டியை அளக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

1. காற்றாடி நின்றாலும் காற்றுக் குளிர்விப்பானின் உலோகத் தகடுகள் ஓரளவு வெப்பத்தை வெளிவிடும். பம்ப் நின்றால் நீர் நகராது. செயலி விரைவில் சூடேறும்.
2. குழாய்ச் சுற்றில் பம்ப் மிக உயரமான இடத்தில் இருக்கக்கூடாது. காற்றுக்குமிழ் மேலே சேரும். ரேடியேட்டரின் மேற்பகுதி பம்ப்பைவிட உயர்ந்திருந்தால் குமிழ் அங்கே தங்கிவிடும்.
3. பனிக்கட்டி முதலியவற்றால் நீரை அறையைவிடக் குளிரச் செய்யும் முயற்சி வேண்டாம். நம் நாட்டுக் காற்றில் ஈரம் மிகுதி. பாகங்கள் 23, 24 பாகைக்குக் கீழே சென்றாலே அவற்றின் மேல் நீர் துளிர்க்கும்.
4. தூசு இரண்டுக்கும் எதிரி. மண்சாலையோர வீடுகளில் மாதம் ஒருமுறை தூசு நீக்க வேண்டும்.

தம்பி தேர்ந்தெடுத்தது 12400எஃப். உச்சத்தில் 117 வாட்; நம் கணக்கின்படி காற்றுக் குளிர்விப்பானில் 67 பாகை. அந்த எண்ணைத் தாளில் எழுதிக் காட்டினேன். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தவன், "அப்ப அந்தக் காசுக்கு இன்னும் நல்ல கிராபிக்ஸ் கார்டு எடுத்துரலாம்ணே" என்றான். விளையாட்டின் வேகத்தைப் பெரிதும் முடிவு செய்வது வரைகலை அட்டை என்பதால், அவன் சொன்னதே சரியான செலவு.

நீங்களும் முதலில் செயலியின் உச்ச வாட் அளவைப் பாருங்கள். அடுத்து, பிற்பகல் இரண்டு மணிக்கு உங்கள் அறையின் வெப்பநிலையை அளந்து கொள்ளுங்கள். இந்த இரண்டு எண்களோடு கடைக்குச் சென்றால், வண்ண விளக்கு உங்களுக்காக முடிவெடுக்காது.