பூனைக்கு உப்பிட்ட இறைச்சி தகுமா?

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பது நம் நாட்டுப் பழமொழி. மனிதருடைய நாவுக்கு அது முற்றும் பொருந்தும். நம் வீட்டில் வளரும் பூனையின் உடலுக்கும் அது பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயப்புகும் பொருளாம்.

இவ்வாராய்ச்சிக்குக் காரணமாயிருந்தது மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி. திருச்சிராப்பள்ளி மாவட்டத்துத் துறையூர் வட்டத்தில், பச்சைமலையை அடுத்துள்ள உப்பிலியபுரம் அவருடைய ஊர். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊர் சென்றபோது, ஹாம் என்று வழங்கும் பதப்படுத்திய பன்றித்தொடை இறைச்சியைச் சிறிது வாங்கிச் சென்றார். வீட்டில் அவருடைய பாட்டியார் வளர்க்கும் கடுவன் பூனை ஒன்று உண்டு. அதற்கு வயது 13. நெற்குதிரை எலியினின்று காத்து முதுமையடைந்த அப்பூனை சில மாதங்களாக மெலிந்து வந்தது. சோற்றை முகர்ந்து பார்த்து விலகிவிடும்; தண்ணீரை மட்டும் அடிக்கடி குடிக்கும். கருவாட்டின் மணம் எழுந்தால்தான் எழுந்து வரும். ஆதலின் பாட்டியார் நாள்தோறும் கருவாடே கொடுத்து வந்தார். பேரர் கொணர்ந்த ஹாமையும் அஃது ஆவலோடு தின்றது. "இதனை நாள்தோறும் கொடுத்தால் தேறுமா? அன்றித் தீங்கு விளையுமா?" என்பதே அவர் கேட்ட வினா.

இவ்வினாவுக்கு ஒரே சொல்லில் விடை கூறுதல் இயலாது. நலமுள்ள பூனைக்கு ஒரு விடையும், பிணியுற்ற பூனைக்கு வேறொரு விடையும் உண்டு. அவற்றை முறையே காண்போம்.

பூனை ஊனையே நம்பி வாழும் பிராணி. நாய் சோற்றோடு ஒருவாறு காலங்கழிக்கும். பூனையால் அது முடியாது. டாரின் என்னும் சத்து ஊனிலும் மீனிலும் உண்டு. அரிசியிலும் பருப்பிலும் இல்லை. பூனையின் உடல் அதனைத் தனக்குப் போதுமான அளவு ஆக்கிக்கொள்ள வல்லதன்று. அச்சத்துக் குறைந்தால் பூனையின் கண்ணிலுள்ள விழித்திரை கெடும் என்பது 1975-இல் வெளிப்பட்டது. இதயத் தசை தளர்ந்து விரியும் என்பதனைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் 1987-இல் கண்டு கூறினர். ஆகவே பூனை இறைச்சியை நாடுவது வெறும் நாச்சபலமன்று. குற்றம் இறைச்சியில் இல்லை. அதில் நாம் சேர்க்கும் பொருள்களிலேயே உள்ளது.

அவற்றுள் முதலாவது உப்பு. நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு நாளைக்குப் போதுமான சோடியம் ஏறக்குறைய 40 மில்லிகிராம். அதனைச் சோற்றுப்பாக நிறுத்தால் சுமார் 100 மில்லிகிராம் ஆகும். விரல் நுனியில் ஒட்டும் சில துகள்களே அவ்வளவு. எலியையும் குருவியையும் தின்னும் பூனைக்கு அவ்வூனிலேயே இது கிடைத்துவிடும். இனி, ஹாமில் 100 கிராமுக்கு 2 முதல் 3 கிராம் வரை உப்பு இருப்பது வழக்கம். எனவே பத்து கிராம் துண்டு ஒன்றில் 200 முதல் 300 மில்லிகிராம் உப்பு அடங்கும்; அஃதாவது ஒரு நாட்தேவையைப் போல் இரண்டு மூன்று மடங்கு. நன்றாக உப்பிட்டு உலர்த்திய கருவாட்டிலோ எடையில் பத்திலொரு பங்கும் அதற்கு மேலும் உப்பு இருத்தலுண்டு. அத்தகைய கருவாடு பத்து கிராம் தின்ற பூனை, தேவையைப் போல் பத்து மடங்கு உப்பைத் தின்றதாகும்.

தேவை என்பது வேறு, தாங்கும் எல்லை என்பது வேறு. இதனை மறந்து வீண் அச்சம் கொள்ளலாகாது. வீட்டுப் பூனையின் முன்னோர் வறண்ட நிலங்களில் வாழ்ந்த காட்டுப்பூனைகள். குறைந்த நீரைக் கொண்டே சிறுநீரைச் செறிவாக்கிக் கழிவை வெளியேற்றும் ஆற்றலை அவை தம் வழித்தோன்றல்களுக்கு விட்டுச்சென்றன. நலமுள்ள சிறுநீரகமும் வேண்டிய அளவு தண்ணீரும் இருப்பின், மிகையான உப்பைப் பூனை கழித்துவிடும். விருந்து நாளில் தவறி விழுந்த ஒரு துண்டு ஹாம் நலமுள்ள பூனையைக் கொல்லாது. ஆனால் மிகுந்த உப்பைத் தின்றபின் தண்ணீர் கிடையாவிடின் வாந்தி, தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு ஆகியவை தோன்றி உயிருக்கே இடையூறு நேரலாம்.

இரண்டாவது, பாஸ்பேட் உப்புகள். இறைச்சி ஈரம் வற்றாதிருக்கும்பொருட்டு இவற்றைப் பதப்படுத்துவோர் பலர் சேர்க்கின்றனர். இவ்வகை உப்புகளை மிகுதியாகக் கலந்த உணவு நலமுள்ள பூனைகளின் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடும் என்று 2018 முதலாக வெளிவந்த ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. மூன்றாவது, வெங்காயமும் பூண்டும். பதப்படுத்திய இறைச்சிகள் சிலவற்றில் இவை பொடியாகக் கலந்திருக்கும். பூனையின் சிவப்பணுக்கள் இவற்றால் எளிதிற் சிதைந்து சோகை உண்டாகும். நம் வீட்டுக் குழம்பில் கிடந்த மீனுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

இத்தீமைகளுக்கு அஞ்சிப் பச்சைப் பன்றியிறைச்சியைக் கொடுத்தலும் நன்றன்று. அதில் புழுக்களும், பூனையைக் கொல்லும் ஒருவகை வைரஸும் இருத்தல் கூடும். நன்றாக வேகவைத்தாலன்றி அவை அழியா.

இனிப் பாட்டியாரின் பூனைக்கு வருவோம். முதிர்ந்த பூனை மெலிதலும், மிகுதியாகத் தண்ணீர் குடித்தலும், அடிக்கடி சிறுநீர் கழித்தலும், உணவை வெறுத்தலும் சிறுநீரகத் தளர்ச்சியின் அடையாளங்கள் ஆகலாம். நீரிழிவு முதலிய வேறு நோய்களும் இவ்வாறே தோன்றும். எது என்பதை இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்தே துணிதல் வேண்டும். மாணவர் பூனையைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றார். சிறுநீரகம் பழுதுற்றிருப்பது தெரிந்தது. அத்தகைய பூனைக்கு ஹாம் ஆகாது. உப்பிட்ட கருவாடும் ஆகாது. சிறுநீரகத்தில் அழிந்த பகுதி மீண்டும் வளராது. எஞ்சிய பகுதியின் சுமையைக் குறைப்பதே மருத்துவம். பாஸ்பரஸ் குறைந்த உணவும், எப்பொழுதும் கிடைக்கும் தூய நீரும் அதன் வாழ்நாளை நீட்டிக்க வல்லன.

செய்தியைக் கேட்ட பாட்டியார், "நானே ஊட்டிக் கெடுத்தேனே" என்று வருந்தினாராம். அவ்வருத்தத்துக்கு முழு இடமில்லை. முதுமையில் இந்நோய் கருவாட்டை அறியாத பூனைகளுக்கும் வருவதே. கருவாடு நோய்க்கு வித்திட்டது என்று கூற நமக்குச் சான்றில்லை. நோய் வந்தபின் அது தகாது என்று கூறவே சான்றுண்டு. கடலுக்குத் தொலைவான ஊர்களில் கடல்மீன் நெடுங்காலம் பெரிதும் கருவாடாகவே வந்து சேர்ந்தது. தம்மிடத்து இருந்தவற்றுள் பூனை விரும்பியதையே அவ்வம்மையார் அளித்தார். அன்பில் குறையில்லை, அறிவு சற்றுப் பிந்தி வந்தது, அவ்வளவே.

ஆயின் எதனைத்தான் கொடுப்பது? நலமுள்ள பூனைக்கு உப்பும் மசாலையும் சேர்க்குமுன் எடுத்துவைத்த வெந்த மீன், முள் நீக்கியது. எலும்பு நீக்கிய வெந்த கோழியிறைச்சி. வெந்த முட்டை ஆகியவை தகும். சோறு சிறிது கலக்கலாம், சோறே உணவாகலாகாது. வெறுந்தசை மட்டும் நெடுநாள் கொடுத்தால் சுண்ணாம்புச்சத்துக் குறையுமாதலின், பூனைக்கென்று சத்துக்களை நிறைவாகச் சேர்த்துச் செய்யும் உணவும் வேண்டும். கருவாட்டை ஊறவைத்துக் கழுவினால் உப்புக் குறையும், முற்றும் நீங்காது. பிணியுற்ற பூனையின் உணவை மருத்துவர் சொற்படியே அமைத்தல் வேண்டும். அவ்வூர்ப் பகுதியினர்க்கு அண்மையிலுள்ள நாமக்கல்லில் 1985-ஆம் ஆண்டு முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி நடைபெற்று வருதல் நினைவிற் கொள்ளத்தக்கது.

திருவரங்கத்து வைணவப் பெரியோர், இறைவனிடம் தன்னை முற்றும் ஒப்புவித்த உயிர்க்குப் பூனைக்குட்டியை உவமை கூறுவர். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டியோ தாய் கவ்விச் சென்ற இடத்துக்குச் செல்லும். வீட்டில் வளரும் பூனையும் தன் உணவைப் பொறுத்தவரை நம்மிடம் அவ்வாறே தன்னை ஒப்புவித்திருக்கிறது. தட்டில் உப்பு எவ்வளவு என்று கணக்கிட அதற்குத் தெரியாது. அக்கணக்கு நம்முடையது.

உப்பிலியபுரத்துப் பூனை இப்பொழுது உப்பில்லா உணவே உண்கிறது. முதல் நான்கு நாள் தட்டைப் பார்த்துவிட்டுப் பாட்டியார் முகத்தைப் பார்த்ததாம். ஐந்தாம் நாள் உண்டது.