எத்தியோப்பியக் காபியும் கன்ட்ரோல் சிஸ்டமும்

முதல் பீரியடுக்கு முன்னாடி கேன்டீன்ல ஒரு காபி குடிச்சிருப்பீங்க. அது அராபிகா வகையா இருந்தா, அதோட பூர்வீகம் எத்தியோப்பியாவின் தென்மேற்கு மலைக்காடுகள். அந்த நாட்டு ஏற்றுமதி வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காபியிலிருந்துதான் வருகிறது. பெட்ரோல், உரம், மெஷின் எல்லாம் வாங்க டாலர் வேணுமே! பெரிய எஸ்டேட்கள் அங்கே குறைவு. பெரும்பாலும் வீட்டைச் சுற்றி ஓரிரு ஏக்கரில் பயிரிடும் சிறு விவசாயிகள்தான்.

ஆனால் அராபிகாவின் உலக விலை நியூயார்க் சந்தையில் முடிவாகிறது. இங்கேதான் நம்ம கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் உதவுது. விலை ஏறினால் எல்லா நாட்டிலும் விவசாயிகள் புதுச் செடி நடுவாங்க. செடி காய்க்க மூன்று, நான்கு வருஷம் ஆகும். அதுதான் டெட் டைம். எல்லாச் செடியும் ஒன்றாகக் காய்க்கும்போது சந்தையில் சரக்கு குவிந்து விலை விழும். டெட் டைம் பெருசா இருக்கிற ஃபீட்பேக் லூப் என்ன செய்யும்? ஆசிலேட் ஆகும். (இன்டர்னல்ல இந்தக் கேள்விக்கு எனக்கு ரெண்டு மார்க் போச்சு, அது வேற கதை.)

1962-ல் வந்த சர்வதேசக் காபி ஒப்பந்தம், நாட்டுக்கு இவ்வளவு என்று ஏற்றுமதி கோட்டா வைத்து ஓரளவு டாம்பிங் கொடுத்தது. 1989-ல் அந்தக் கோட்டா முறை உடைந்தது. வியட்நாமும் பிரேசிலும் உற்பத்தியைப் பெருக்கின. 2001-ல் ஒரு பவுண்டு 50 சென்ட்டுக்கும் கீழே போனது. பறிகூலிகூட தேறாத நிலையில் எத்தியோப்பியாவில் பலர் காபியைப் பிடுங்கிவிட்டு 'சாட்' நட்டார்கள். மென்றால் லேசா போதை தரும் இலை அது. வருஷத்தில் பல தடவை பறிக்கலாம். தப்புன்னு சொல்ல முடியுமா?

நாட்டுக்குள்ளேயே ஒரு டாம்பர் இருக்கு. விளையும் காபியில் சுமார் பாதியை அவங்களே குடிச்சிடறாங்க! விருந்தாளி வந்தால் கண்ணெதிரே கொட்டையை வறுத்து, இடித்து, மண்கூஜாவில் காய்ச்சி மூன்று சுற்று ஊற்றுவார்கள். பாதியில் எழுந்தால் மரியாதை இல்லை.

அரசும் ஒரு வழி பார்த்தது. 2005-ல் ஹரார், சிடாமோ, இர்காசெஃப் என்ற ஊர்ப்பெயர்களுக்கு அமெரிக்காவில் டிரேட்மார்க் கேட்டது. வெறும் மூட்டையாக விற்காமல், பேருக்கும் சேர்த்துக் காசு வாங்கலாம் என்ற கணக்கு. அங்குள்ள காபி வணிகர் சங்கம் எதிர்த்தது. கடைசியில் 2007-ல் ஸ்டார்பக்ஸ் அந்தப் பெயர்களுக்கு ஒப்பந்தம் போட்டது.

2011-ல் அதே நியூயார்க் விலை பவுண்டுக்கு 3 டாலரைத் தொட்டது. சாட் நட்ட நிலத்தில் அப்போது விற்கக் காபி இல்லை.