ஒரே தோட்டம், இரண்டு வம்சம்

கேள்வி: மிளகாயில் பழ அழுகலுக்கு ஒரே மருந்தைத்தான் அடித்தோம். மேல்பாத்தியில் நின்றது, கீழ்ப்பாத்தியில் நிற்கவில்லை. மருந்து போலியா?
– சாத்தூர் வாசகர்

பதில்: கடைக்காரரைச் சந்தேகிக்கும் முன் ஒரு பழத்தை வெயிலில் பிடித்துப் பாருங்கள். குழிந்த இடத்தில் வட்ட வட்டமாகக் கறுப்புப் பொட்டுகள் தெரிந்தால் அது கொலட்டோட்ரைக்கம் பூஞ்சை. 1913இல் பூஞ்சை ஆய்வாளர் சைடோ இதன் மிளகாய் இனத்தை விவரித்ததே நம் மதராஸ் மாகாணத்து மிளகாயிலிருந்துதான். அன்று ஒரே பெயர். இன்று மரபணுவைப் படித்ததில், மிளகாயைத் தாக்குபவை பல இனங்கள் என்று தெரிந்திருக்கிறது. ஓர் இனத்துக்குள்ளேயும் வேறுபாடு உண்டு. இதன் வித்துகள் பெரும்பாலும் மழைத்துளி தெறிக்கும் தூரம்தான் போகும். அதனால் பாத்திக்குப் பாத்தி வேறு வம்சம் குடியிருக்கலாம். பூஞ்சையின் பீட்டா-டியூபுலின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும், கார்பெண்டசிம் என்ற மருந்து அந்த வம்சத்தை ஒன்றும் செய்யாது. அதே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் அந்த வம்சத்தை நாமே வளர்த்துவிடுகிறோம்.

நோய் விதையோடும் வரும். வெளுத்த வத்தலில் விதை எடுக்காதீர்கள். அந்த வத்தலைப் பொறுக்கி எரித்துவிடுங்கள், பக்கத்தில் பட்டாசு ஆலை இருந்தால் ஆழமாகப் புதையுங்கள். இரு பாத்திப் பழங்களையும் தனித்தனிக் காகிதப் பையில் அருப்புக்கோட்டை மண்டல ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், வேர்த்துப்போகும்.