உவர் அறியும் அச்சுணரி

மூதூரில் மகாவலி கங்கை கொட்டியாரக்குடாவிற் கலக்கின்றது. இத்தகைய கடலோர வயல்களில் வரட்சிக் காலத்தில் உவர் ஏறுவதுண்டு. கண்ணுக்குத் தெரியுமுன்பே அது பயிரைத் தாக்கும். உவர்நீரில் மின்சாரம் எளிதிற் பாயுமாதலால், மின்கடத்துதிறனே உவரின் அளவுகோலாகும். மண்சாற்றில் அது மீற்றருக்கு 3 டெசிசீமனைத் தாண்டினால் நெல் விளைவும், 2.5ஐத் தாண்டினால் தக்காளி விளைவும், 1ஐத் தாண்டினால் போஞ்சி விளைவும் குறையத் தொடங்கும்.

காந்தத்தின் உதவி

மண்ணின் நிலையை வயலிலேயே அறிவதற்கு, மெல்லிய தாளில் மைபோல அச்சிடும் உணரிகளை ஆய்வாளர் உருவாக்கி வருகின்றனர். அம்மையிலுள்ளவை காபன் நுண்குழாய்கள். அவற்றைத் தொடும் ஈரமும் உப்பும் மாறினால், அவற்றின் மின்தடையும் மாறும். ஆயின், அவை வைக்கோற்போர்போலச் சிக்குண்டு கிடந்தால், ஓர் உணரி காட்டும் அளவை மற்றையது காட்டாது. எனவே, காந்த இரும்பு ஒட்சைட்டின் நுண்துகள்களைக் குழாய்களில் ஒட்டுவர். மூதூருக்கு அண்மையிலுள்ள சேருவிலக் கனியப் படிவிலும் இவ்வொட்சைட்டு உண்டு. மை உலருமுன் காந்தத்தை அணுக்கினால், துகள்கள் குழாய்களை நாற்றுநிரைபோல ஒழுங்காக்கும். மின்சாரத்துக்கு நேர்வழி கிடைக்கும். குறைந்த மையும் போதுமாகும்.

கமக்காரர் செய்யவேண்டியவை

1. இம்முறை இன்னும் ஆய்வுநிலையிலேயே உள்ளது. ஆகவே, போகம் தொடங்குமுன் மண் மாதிரியை விவசாயப் போதனாசிரியர் மூலம் பரிசோதிப்பித்தல் வேண்டும்.

2. உவர் கண்ட வயலில் நன்னீர் தேக்கி, பின் வடித்துவிடுக.

3. உவரைத் தாங்கும் ஏ.ரி. 354 போன்ற நெல்லினத்தை விதைக்குக.