தூங்கிப்போன கோர்

ஒரு போர்டில் நான்கு சிறிய கோர், இரண்டு பெரிய கோர். 10 மில்லிசெகண்ட் தூங்கி எழ வேண்டிய நிரல் சில நேரம் அரை நொடி கழித்து எழுந்தது. லினக்ஸ் கர்னலின் டைமர் கோடை நான்கு நாள் வரிவரியாகத் துருவினேன். தப்பு அங்கே இல்லை.

முதலில் பிரிண்ட்கே போட்டேன். பிழை மாயமாய் மறைந்தது. காரணம் பிறகுதான் விளங்கியது. 115200 வேகத்தில் ஓடும் சீரியல் கன்சோலுக்கு 80 எழுத்துள்ள ஒரு வரியை அனுப்ப ஏறத்தாழ 7 மில்லிசெகண்ட் ஆகும். டைமர் அதற்குள் ஓடிக்கொண்டிருப்பதால் 10இல் மிச்சமிருப்பது 3. அதற்காக ஆழ்தூக்கத்துக்குப் போவது கட்டுப்படியாகாது என்று கணக்குப் போட்டு, கர்னல் அந்தக் கோரை லேசான தூக்கத்திலேயே வைத்திருந்தது. அன்றிலிருந்து டைமர் பிழை என்றால் சீரியல் பக்கம் போவதே இல்லை. எஃப்டிரேஸில் ஹெச்ஆர்டைமர் நிகழ்வுகளை மட்டும் திறந்துவிடுவேன். அது கோர்வாரியாக மெமரியிலேயே எழுதிக்கொள்ளும்.

துப்புக் கொடுத்தது புராக் இன்டரப்ட்ஸ் கோப்புதான். ஆர்ச் டைமர் வரியில் ஆறு கோருக்கும் ஆறு எண்கள், எல்லாமே ஏறிக்கொண்டிருந்தன. சும்மா பார்த்தால் குறையே தெரியாது. டாஸ்க்செட் கொண்டு அந்த நிரலை ஒவ்வொரு கோரிலும் தனித்தனியே கட்டிப்போட்டு, அந்த வரியையும் டைமர் பிராட்காஸ்ட் வரியையும் கூட்டி, 10 நொடி இடைவெளியில் இருமுறை படித்துக் கழித்தேன். 0 முதல் 3 வரை ஏறக்குறைய 1000 வந்தது. பெரிய கோர்களான 4, 5 இரண்டிலும் அதில் பாதிகூட வரவில்லை.

ஆர்ம் பிராசஸரில் ஒவ்வொரு கோருக்கும் சொந்த டைமர் உண்டு. கோரின் மின்சாரத்தையே துண்டிக்கும் ஆழ்தூக்கத்தில் அந்த டைமரும் சேர்ந்து நின்றுவிடலாம். அதற்குமுன் அடுத்த அலாரத்தை, எப்போதும் விழித்திருக்கும் ஒரு பொது டைமரிடம் கர்னல் ஒப்படைக்க வேண்டும். அப்படிச் செய் என்று அதற்குச் சொல்வது டிவைஸ் ட்ரீயில் ‘லோக்கல்-டைமர்-ஸ்டாப்’ என்ற ஒரே ஒரு வரி. சிறிய கோர்களின் தூக்க நிலையில் அது இருந்தது, பெரியவற்றில் விட்டுப்போயிருந்தது. வேறொரு கோர் எதற்காவது கூப்பிடும்வரை அவை தூங்கியபடியே கிடந்தன.

உறுதி செய்ய ரீபூட்கூட வேண்டியதில்லை. சிபியு-ஐடில் டைரக்டரியில் அந்தத் தூக்க நிலையின் டிஸேபிள் கோப்பில் 1 எழுதினேன், தாமதம் நின்றது. விட்டுப்போன வரியைச் சேர்த்து பூட் செய்தபோது, டைமர் பிராட்காஸ்ட் வரியில் 4, 5இன் கீழ் பூஜ்யமாகவே இருந்த எண்கள் நகரத் தொடங்கின. அந்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

டிரைவர் எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டைமரை நீக்கும் நேரத்தில் அதன் கால்பேக் வேறொரு கோரில் ஓடிக்கொண்டிருக்கலாம். மெமரியை விடுவிக்கும்முன் ‘டைமர்_டெலீட்_சிங்க்’ கொண்டு அது முடியும்வரை காத்திருங்கள். ஆனால் கால்பேக் எடுக்கும் அதே லாக்கை நீங்கள் பிடித்துக்கொண்டு காத்திருந்தால் இரண்டு கோரும் உறைந்துவிடும். டைமரை யாராவது மறுபடி முடுக்கிவிடக்கூடும் என்றால், கர்னல் 6.2 முதல் இருக்கும் ‘டைமர்_ஷட்டவுன்_சிங்க்’தான் பாதுகாப்பு.