வரைந்து அறிவோம் நீரோட்டத்தை

ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியலில் நீர்க்கோளம் பாடம் நடத்தும்போது, பெருங்கடல் நீரோட்டங்களை வரைபடத்தில் அம்புக்குறிகளாகக் குறிக்கச் சொல்கிறோம். மாணவர்கள் பெயர்களை மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் பெற்றுவிடுகிறார்கள். ஆனால் அம்புக்குறி முடியும் இடத்தில் அந்தத் தண்ணீர் என்ன ஆகிறது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அதனால் எங்கள் ஓவிய ஆசிரியருடன் சேர்ந்து இப்பகுதியை மூன்று பாடவேளைகளில் நடத்தினேன்.

பார்த்தல்

2005 ஜூன் முதல் 2007 டிசம்பர் வரையிலான கடல் மேற்பரப்பு நீரோட்டங்களை ‘பெர்பெச்சுவல் ஓஷன்’ என்ற அசைபடமாக நாசா உருவாக்கியுள்ளது. செயற்கைக்கோள்களும் கடலில் உள்ள கருவிகளும் தந்த அளவீடுகளைக் கணினி மாதிரியில் இணைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். சுழன்று நகரும் வெண்கோடுகள் பலருக்கும் வான்கோவின் ‘விண்மீன்கள் நிறைந்த இரவு’ ஓவியத்தை நினைவூட்டின. இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டி வேறுபாட்டைக் கேட்டேன். ஒன்றில் கோடு ஓவியரின் விருப்பம், மற்றொன்றில் கோடு அளவீட்டுக்குக் கட்டுப்பட்டது என்று மாணவர்களே சொன்னார்கள்.

செய்தல்

அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி மிளகுத்தூளைத் தூவினோம். உறிஞ்சுகுழலால் மேற்பரப்பில் ஊதியதும் தூள் நகர்ந்தது. விளிம்பில் முட்டி இருபுறமும் சுழன்று திரும்பியது. அடுத்து, நீல மை கலந்து உறையவைத்த பனிக்கட்டியைக் கண்ணாடித் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டோம். உருகிய குளிர்நீர் நீலத் திரையாக அடியில் இறங்கியது. காற்றும் வெப்பநிலை வேறுபாடும் நீரை நகர்த்துவதைக் கண்ணால் கண்டார்கள். உப்பின் அளவும் புவிச் சுழற்சியும் இவற்றோடு சேர்கின்றன என்று விளக்கினேன்.

வரைதல்

கறுப்பு அட்டையில் வங்காள விரிகுடாவை வரைந்து, வெள்ளைச் சுண்ணக்கட்டியால் நீரோட்டத்தை வரையச் சொன்னோம். விதிகள் மூன்று: வேகம் மிகுந்த இடத்தில் கோடுகள் நெருங்கி இருக்க வேண்டும், ஒரு கோடு மற்றொன்றை வெட்டக் கூடாது, கரையில் எந்தக் கோடும் முடியக் கூடாது. ஒரே நேரத்தில் ஓரிடத்து நீர் இரு திசையில் போகாது, கரையை முட்டிய நீர் மறைந்தும் போகாது. ஆகவே, கோடு எங்கே திரும்பும் என்று ஒவ்வொரு குழுவும் விவாதித்தே தீர வேண்டியிருந்தது.

அப்போது மீனவர் வீட்டு மாணவர் ஒருவர் எழுந்தார். “சார், எந்த மாசத்துக்கு வரையணும்? ஐப்பசி, கார்த்திகையில நீவாடு தெக்கே இழுக்கும். மாசி, பங்குனியில வடக்கே இழுக்கும்.” அவர் சொன்னது அறிவியல் உண்மை. பருவக்காற்றுகளின் தாக்கத்தால் இந்தியக் கிழக்குக் கரையோர நீரோட்டம் ஆண்டுக்குள் திசை மாறுகிறது. ஒரே ஒரு நிலையான அம்புக்குறி இதைக் காட்டாது. எனவே ஒவ்வொரு குழுவும் இரண்டு பருவங்களுக்கு இரண்டு படங்கள் வரைந்தது.

உயிர்களைச் சேர்த்தல்

கோடுகள் மேல் உயிர்களைச் சேர்த்தோம். தென்மேற்குப் பருவக்காலத்தில் கேரளக் கடலோரம் ஆழத்துக் குளிர்நீர் மேலெழுந்து சத்துகளைக் கொண்டுவருகிறது. மிதவை நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவற்றை உண்ணும் மத்தி மீன்கள் பெருகுகின்றன. இந்த இடத்தைப் பச்சைப் புள்ளிகளால் நிரப்பினார்கள். பங்குனியில் சென்னைக் கரையில் பொரிந்து கடலில் இறங்கும் ஆமைக்குஞ்சையும், அதே நாளில் அங்கே வீசப்படும் நெகிழிப் பையையும் எந்த நீரோட்டம் சந்திக்கும் என்று கேட்டேன். வடக்கு நோக்கிய ஒரே கோட்டில் இரண்டையும் வரைந்தபோது வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.

மதிப்பீடு

படத்தின் அழகுக்கு மதிப்பெண் இல்லை. ஏதேனும் ஒரு கோட்டைத் தொட்டு, “இது ஏன் இங்கே திரும்புகிறது?” என்று கேளுங்கள். காரணம் சொல்பவர் பாடத்தைப் புரிந்துகொண்டவர். உள்மாவட்டப் பள்ளிகளில் ஏரி, ஆறு, வாய்க்கால் நீரைக் கொண்டும் இதைத் தொடங்கலாம். அந்த நீரை நன்கறிந்த மாணவரை முதலில் பேசவிடுங்கள்.